கழுதைப்புலிக்கு முதுகு நிமிர்த்திய நிர்வாகம்

கரடி செத்துப் போனதை மிருகக்காட்சி சாலை நிர்வாகம் வெகுநாள் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு மிருகம் செத்ததென்றால் அதைச் செத்ததாக அறிவிக்க ஒரு குழு கூட வேண்டும். குழு கூட வேண்டுமென்றால் அதில் மிருக வைத்தியர் ஒருவர் இருக்க வேண்டும். மிருக வைத்தியர் வேலையை விட்டுப் போய் வருஷங்கள் ஆகின்றன. அவருடைய நாற்காலியில் இப்போது ஓடாத ஃபேன் ஒன்று உட்கார்ந்திருந்தது. ஆகவே கரடி செத்தது என்று சொல்லும் அதிகாரம் அந்த வளாகத்தில் யாருக்கும் இல்லை. யாரும் சொல்லாத வரை அது உயிரோடு இருந்தாக வேண்டும். கூண்டுக்கு முன்னால் 'கரடி ஓய்வில் உள்ளது' என்று பலகை மாட்டினார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு, கரடியின் தூக்கம் கலையக் கூடாதென்று செருப்புச் சத்தம் கேட்காமல் நடந்து போனார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஓவியக்காரிக்கு இயக்குநர் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது.

ஓவியக்காரி குழந்தைகளுக்கு மிருகப் படம் போடுகிறவள். அவளும் அவள் தம்பியும் ஒரே வீட்டில், ஒரே அறையில் வேலை பார்த்தார்கள். ஜன்னல் பக்கம் அவளுடைய சாய்வு மேசை, மைப்புட்டிகள், நுனி தேய்ந்த பேனாக்கள். சுவர்ப் பக்கம் தம்பியின் கம்ப்யூட்டர். நடுவில் இருக்கும் ஃபேன் யார் பக்கம் திரும்ப வேண்டும் என்பதில் இருவருக்கும் தினமும் சண்டை. ஆனால் வேலையில் சண்டை வராது. அவள் ஒரு மிருகத்தை முன்னால், பின்னால், பக்கவாட்டில், படுத்தபடி, பாய்ந்தபடி வரைந்து கொடுப்பாள். அவன் அதற்கு அசைவு கொடுப்பான். "நீ தோலைக் குடு, எலும்பு என் பொறுப்பு" என்பான். கடைசியில் அது புத்தகத்தில் சாதாரணப் படமாகத்தான் கிடக்கும். போனைத் திறந்து படத்துக்கு நேரே பிடித்தால் மட்டும் அது எழுந்துகொள்ளும். அவர்கள் செய்த அணில், பக்கத்தை விட்டுக் குதித்துப் பிள்ளைகளின் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் ஓடி, அங்கே நின்று மூக்கைத் துடைத்துக்கொள்ளும். அந்த அணில் ஊரெல்லாம் பிரபலம்.

இயக்குநரின் அறையில் பாடம் செய்த சிறுத்தை ஒன்று கண்ணாடிக் கண்ணால் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. மான் கொம்பில் அவருடைய கோட்டு தொங்கியது. பளபளப்பான மனிதர். பேசும்போது எதிரே ஒரு பெருங்கூட்டம் இருப்பதாக நினைத்துக்கொள்வார்.

"உட்காருங்கம்மா. நம்ம நிறுவனத்துக்கு ஒரு சின்ன அசௌகரியம் வந்திருக்கு."

"கரடி விஷயமா சார்? செத்துப் போச்சுன்னு கேள்விப்பட்டேன்."

"யார் சொன்னது? கரடிக்கு ஒண்ணுமில்லை. ஓய்வில இருக்கு. பார்வையாளர்கள்தான் அசௌகரியப்படறாங்க. அவங்களுக்குக் கரடி தெரியணும். உங்க அணிலை என் பேத்தி காட்டினா. அதே மாதிரி ஒரு கரடி. கூண்டுச் சுவர்ல படம் மாட்டிடுவோம். போனை நீட்டினா கரடி எழுந்து வரணும். இதுக்குப் பேர்கூட வெச்சாச்சு. 'மிகை மெய்ம்மைத் திட்டம்'."

ஓவியக்காரிக்கு ஆசை தட்டியது. கையகல அணிலே வரைந்து பழகியவளுக்கு ஆளுயரக் கரடி வரையச் சொன்னால் ஆசை வராமல் என்ன செய்யும்? ஒப்புக்கொண்டாள். பழைய புகைப்படங்களைப் பார்த்து வரைந்தாள். தம்பி எலும்பு கொடுத்தான். படத்தை மாட்டிய அன்று கரடி சுவரிலிருந்து இறங்கி வந்து, கம்பிக்கு அருகே உட்கார்ந்து, பாதத்தை நக்கியது. பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். நிர்வாகம் பழைய பலகையைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டியது: 'கரடி பணிக்குத் திரும்பியது.'

அடுத்து ஓநாய்கள், முள்ளம்பன்றிகள், கழுதைப்புலி. இவை மூன்றும் உயிரோடு இருந்தன என்பதால் ஓவியக்காரி நேரில் போய்க் கூண்டின் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து வரைந்தாள்.

அங்கே அவளுக்குத் துணை கூண்டுக்காரர். மிருகங்களுக்குத் தீனி வைத்து, கூண்டு கழுவி, அதிலேயே தலை நரைத்தவர். வீரரெல்லாம் இல்லை. இயக்குநரின் கார் சத்தம் கேட்டாலே சட்டைப் பித்தானைப் போட்டுக்கொள்வார். வாய் மட்டும் சும்மா இருக்காது.

"மிகை மெய்ம்மையா? மெய்யே இங்க பாதிதான் இருக்கு. இதுல மிகை வேறயா?" என்று கேட்டுவிட்டு, யாராவது கேட்டுவிட்டார்களோ என்று பின்னால் திரும்பிப் பார்த்தார்.

கழுதைப்புலி பெண். ஒரு காது பாதியில் அறுந்திருந்ததால் கூண்டுக்காரர் அதை மூளி என்று கூப்பிட்டார். யாருக்கும் அதைப் பிடிக்காது. வருகிறவர்கள் "ச்சீ, இது என்ன நாயா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஆனால் வரைய உட்கார்ந்தவளுக்கு அது பெரிய புதையல். அந்த முன்கால் உயரம், பின்னால் சரியும் முதுகு, நடக்கும்போது ஏதோ யோசனையில் தலையைத் தொங்கவிடும் விதம். பென்சில் சத்தம் கேட்டால் மூளி கம்பியருகே வந்து, நல்ல காதைத் திருப்பி நிற்கும். பென்சில் நின்றால் அதுவும் போய்விடும்.

"அவளுக்கு உங்களைப் பிடிச்சிருக்கு" என்றார் கூண்டுக்காரர்.

"என்னை இல்லைங்க, பென்சிலை."

"ரெண்டும் ஒண்ணுதானே உங்களுக்கு."

படங்கள் முடிந்து, 'உருவச் செம்மைக் குழு' முன்னால் வைக்கப்பட்டன. குழுவில் கணக்கு அதிகாரி, தோட்ட மேற்பார்வையாளர், சட்ட ஆலோசகர் ஆகியோர் இருந்தார்கள். தலைமை வகித்தவர் இயக்குநர். தம்பி மேசையில் படங்களைப் பரப்பி, போனைச் சுவரில் இருந்த பெரிய திரையோடு இணைத்தான்.

ஓநாய் எழுந்து எல்லாரையும் பார்த்தது.

"இது ஏன் நம்மை இப்படிப் பார்க்குது?" என்றார் கணக்கு அதிகாரி. "பசியோட பார்க்கிற மாதிரி இருக்கு. நாங்க சோறு போடலைன்னு ஜனங்க நினைக்க மாட்டாங்களா?"

"ஓநாய் அப்படித்தான் சார் பார்க்கும்" என்றாள் ஓவியக்காரி.

"பார்க்கலாம். எங்களைப் பார்க்கக் கூடாது."

முள்ளம்பன்றி சிலிர்த்துக்கொண்டது. சட்ட ஆலோசகர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"யாருக்காவது குத்திச்சுன்னா யார் பொறுப்பு?"

தம்பி பொறுமையாகச் சொன்னான். "சார், இது போன்ல இருக்கு. குத்தாது."

"போன் குத்தினா?"

தம்பி அக்காவைப் பார்த்தான். அக்கா கூரையைப் பார்த்தாள். முள்ளம்பன்றிக்கு முள் மழுங்க வேண்டும் என்று தீர்மானமாயிற்று.

கடைசியாக மூளி எழுந்து நடந்தது. இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"பின்பக்கம் ஏன் இப்படித் தாழ்ந்திருக்கு?"

"கழுதைப்புலிக்கு அப்படித்தான் சார். பிறவி அமைப்பு."

"பிறவி சரி. ஆனா இது இப்ப நம்ம நிறுவனத்தைப் பிரதிநிதித்துவப்படுத்துது. முன்னாடி உசந்து பின்னாடி சரிஞ்சா ஜனங்களுக்கு என்ன தோணும்? நிர்வாகம் ஆரம்பத்துல நல்லா இருந்துட்டு அப்புறம் சரிஞ்சு போச்சுன்னு தோணாதா? முதுகை நிமிர்த்துங்க. காதையும் முழுசாக்குங்க. முடிஞ்சா ஒரு புன்னகை."

ஓவியக்காரி வாதாடிப் பார்த்தாள். அவள் பேசப் பேசக் குழு தலையாட்டியது. பேசி முடித்ததும் 'ஓவியர் ஒப்புக்கொண்டார்' என்று எழுதிக்கொண்டது. வீட்டுக்கு வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, முதுகு நிமிர்ந்த கழுதைப்புலி ஒன்றை வரைந்தாள். பார்ப்பதற்குக் கோவேறு கழுதைக்கு வேஷம் போட்ட மாதிரி இருந்தது. குழு கைதட்டி வரவேற்றது.

இத்தோடு போயிருந்தால் பொறுத்திருப்பாள். இப்படித் திருத்தி வாங்காத நிறுவனம் எது? ஆனால் இயக்குநருக்கு இதற்குள் ஒரு ஞானோதயம் உண்டாகியிருந்தது. ஒரு நாள் கரடிக் கூண்டின் முன்னால் அவளை நிறுத்தி வைத்துக்கொண்டு சொன்னார்:

"இந்தக் கரடி வந்ததிலேருந்து ஒரு புகார் உண்டா? நாத்தம் இல்லை. சாணி இல்லை. காட்சி நேரத்துல தூங்கறதில்லை. அஞ்சு மணிக்கு மூடினா அதுவும் அடங்கிடுது. முப்பது வருஷமா இந்தத் துறையில இருக்கேன்மா. ஒரு மிருகம் எப்படி நடந்துக்கணும்கறதை இப்பத்தான் கண்ணால பார்க்கறேன்."

பிறகு பக்கத்துக் கூண்டைக் காட்டினார். நிஜ ஓநாய் மூலையில் சுருண்டு படுத்திருந்தது.

"இதைப் பாருங்க. போன்ல அவ்வளவு அழகா ஊளையிடுது. பின்னாடி இது இப்படிக் கிடக்குது. ஜனங்களுக்குக் குழப்பம். எது அசல்னு கேக்கறாங்க. என்ன பதில் சொல்றது?"

ஓவியக்காரி அதை வேடிக்கைப் பேச்சென்று நினைத்துக்கொண்டு சிரித்துவிட்டு வந்தாள். அந்தச் சிரிப்புக்காக அவள் பிற்பாடு தன்னை வெகுநேரம் திட்டிக்கொண்டாள்.

அடுத்த முறை போனபோது கூண்டுகள் கழுவித் துடைத்துக் காலியாக இருந்தன. ஒவ்வொன்றின் சுவரிலும் அவள் போட்ட படம். தரையில் ஒரு மயிரிழைகூடக் கிடையாது. வாசலில் புதுச் செயற்கை நீரூற்று கட்டிக்கொண்டிருந்தார்கள். திறப்பு விழாவுக்கு அமைச்சர் வருகிறாராம்.

"மூளி எங்கே?" என்று கூண்டுக்காரரைப் பிடித்துக் கேட்டாள்.

"அது படத்துல இருக்கும்மா."

"நிஜ மூளி எங்கேன்னு கேட்டேன்."

அவர் நாலு பக்கமும் பார்த்துவிட்டு, வாயால் சொல்லாமல் மோவாயால் காட்டினார். பழைய டிக்கெட் கவுன்டர்களுக்குப் பின்னால், உடைந்த துடுப்புப் படகுகள் குவிந்து கிடந்த இடத்துக்கு அப்பால், தகரக் கூரை போட்ட கொட்டகை ஒன்று. கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அறைந்தது. உள்ளே குறுகலான இரும்புப் பெட்டிகளில் ஓநாய்கள் வாயைப் பிளந்து மூச்சு வாங்கின. முள்ளம்பன்றிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. மூளி பக்கவாட்டில் விழுந்து கிடந்தது. விலா எலும்புகள் தோலுக்குள்ளிருந்து தள்ளின. நாக்கு, காய்ந்த தொட்டியின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"தண்ணி எங்கய்யா?"

"லைனை மாத்திட்டாங்கம்மா. முன்னாடி நீரூத்துக்குப் போயிடுச்சு."

"வாளியில கொண்டு வர வேண்டியதுதானே?"

கூண்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "விடிகாலையில ஒரு வாளி திருட்டுத்தனமா வெக்கறேன். அதுக்கு மேல முடியலை. மிருகம் போன்ல இருக்குன்னு எழுதியாச்சு. அப்புறம் எதுக்குத் தண்ணி, யாருக்குத் தீனின்னு கேப்பாங்க. எனக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் சர்வீஸ். ரெண்டு பொண்ணுங்க இருக்கு."

அவரைத் திட்ட வாயெடுத்தவள் திட்டாமல் வாளியைத் தேடிப் போனாள். தண்ணீரை ஊற்றியதும் மூளி தலையைத் தூக்காமல், கிடந்தபடியே குடித்தது. குடிக்கும் சத்தம் கேட்டு ஓநாய்கள் பெட்டியில் முட்டின. அவள் வாளிமேல் வாளியாகச் சுமந்தாள். கை கன்றிப் போயிற்று. அழுகை வரவில்லை, அழுகை வருவதற்கு முன்னால் வேறொன்று வந்துவிட்டது.

நேரே இயக்குநர் அறைக்குப் போனாள். கதவைத் தட்டவில்லை.

"கொட்டகையில மிருகமெல்லாம் சாகுது சார்."

"எந்தக் கொட்டகை?"

"பின்னாடி இருக்கிற கொட்டகை. நீங்க அடைச்சு வெச்சிருக்கிற கொட்டகை."

இயக்குநர் அவளுக்கு டீ கொண்டுவரச் சொன்னார். பிறகு மிகுந்த கருணையோடு பேசினார்:

"உங்க மனசு எனக்குப் புரியுதும்மா. கலைஞர். ஆனா நிர்வாகம்னு ஒண்ணு இருக்கே. ஒரு மிருகத்தை ரெண்டு இடத்துல வெச்சிருக்க விதி இடம் கொடுக்காது. ஒரு கழுதைப்புலிக்குத்தான் அனுமதி. அது இப்ப படத்துல இருக்கு, நல்லா இருக்கு, முதுகு நிமிர்ந்து இருக்கு. அப்படின்னா கொட்டகையில இருக்கிறது என்ன? விதிப்படி அது எதுவுமே இல்லை. எதுவுமே இல்லாததுக்கு நான் எப்படித் தண்ணி விட உத்தரவு போடறது? நாளைக்குத் தணிக்கையில கேட்டா நான் என்ன சொல்றது? நீங்களே சொல்லுங்க."

"அது சாகுது சார்."

"இல்லாதது எப்படிம்மா சாகும்?"

டீ வந்தது. அவள் தொடவில்லை.

ஊருக்கு வெளியே மிருகங்களை மீட்டு வைத்துக்கொள்ளும் இல்லம் ஒன்று இருந்தது. அதை நடத்திய டாக்டரம்மாவுக்குப் போன் செய்தாள். டாக்டரம்மா கரடி உயிரோடு இருந்தபோதே அதைக் கேட்டு நடையாய் நடந்தவள். அன்று மாலையே வேனோடு வந்து, வாசலோடு திருப்பி அனுப்பப்பட்டாள்.

"நானா உள்ள புகுந்து தூக்கினா திருட்டுக் கேஸ் போடுவாங்க" என்றாள் டாக்டரம்மா போனில். "அவங்களா ஒப்படைக்கணும். இல்லைன்னா அது தங்களோடது இல்லைன்னு அவங்க வாயால சொல்லணும். சொல்லுவாங்களா?"

அன்று வீட்டுக்கு வந்த ஓவியக்காரி பையை வீசிவிட்டு மேசையில் உட்கார்ந்தாள். மூளியை வரைந்தாள், கொட்டகையில் கண்டபடியே. தள்ளிய விலா, அறுந்த காது, தொட்டி விளிம்பில் ஒட்டிய நாக்கு. பேனா நுனி தாளைக் கிழித்தது. கிழிந்த இடத்தையும் அப்படியே விட்டாள். தம்பி பின்னால் வந்து நின்று பார்த்தான்.

"இதை விழாவுல வெக்கப் போறியா?"

"ஆமா."

"அக்கா, அப்புறம் நமக்கு ஒருத்தரும் வேலை குடுக்க மாட்டாங்க."

"வேணாம். எலும்பு குடுப்பியா, மாட்டியா?"

தம்பி ஃபேனை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தான். நாக்கு தொட்டியைத் தேடுவதை, தலை தூக்கப் பார்த்துத் தோற்று விழுவதை, ஒவ்வொன்றாகச் செய்தான். முடித்ததும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான். "ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றான். அவன் குரலில் சந்தோஷம் இல்லை.

விழா நாள் வந்தது. கடைசிச் சரிபார்ப்பு என்று சொல்லிக்கொண்டு, விடிகாலையிலேயே அக்காவும் தம்பியும் கழுதைப்புலிக் கூண்டில் படத்தை மாற்றி மாட்டியிருந்தார்கள். நீரூற்று வானத்தைத் தொட்டது. ஒலிபெருக்கி கட்டாத மரமில்லை. அமைச்சர், பின்னால் பரிவாரம், அவர்களுக்குப் பின்னால் போன்களை உயர்த்திப் பிடித்தபடி ஊர். கரடியைப் பார்த்துச் சிரித்தார்கள். ஓநாய்க்குக் கைதட்டினார்கள். மழுங்கிய முள்ளம்பன்றியைத் தடவப் பார்த்தார்கள். கழுதைப்புலிக் கூண்டுக்கு வந்ததும் அமைச்சர் போனை நீட்டினார்.

மூளி சுவரிலிருந்து விழுந்தது. எழவில்லை. நாக்கால் தொட்டியை நக்கியது. தொட்டி காலி. தலையைத் தூக்கப் பார்த்தது. முடியவில்லை. மறுபடி நக்கியது.

கூட்டம் அடங்கிப் போயிற்று. இயக்குநரின் முகம் வெளுத்தது. ஓவியக்காரி அமைச்சரின் வாயையே பார்த்தாள். இதோ, இப்போது கேட்பார்கள்.

அமைச்சர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார்.

"அடடா!" என்றார். "என்ன தத்ரூபம்!"

கைதட்டல் வெடித்தது. முன் வரிசையில் ஒரு பெண் தேம்பித் தேம்பி அழுதுகொண்டே படம் பிடித்தாள். பின்னால் இருந்தவர்கள் முண்டியடித்தார்கள். ஒருவர் தன் பிள்ளையைத் தோளில் தூக்கி, "பாரு, பாரு, இப்ப மறுபடி நக்கும் பாரு" என்றார். இயக்குநரின் முகத்தில் ரத்தம் திரும்பியது. "விழிப்புணர்வுக்காக நாங்கதான் இப்படிச் செய்யச் சொன்னோம்" என்று அமைச்சரின் காதில் சொன்னார்.

மேடையில் ஓவியக்காரிக்குக் கேடயம் கொடுத்தார்கள். அவள் மைக்கைப் பிடுங்கினாள்.

"இது கற்பனை இல்லைங்க. இந்த மிருகம் நிஜமாவே இப்படித்தான் கிடக்குது. பின்னாடி, டிக்கெட் கவுன்டருக்குப் பின்னாடி கொட்டகையில. ஒரு நிமிஷ நடை. வாங்க, நான் காட்டறேன். ஒரு வாளி தண்ணியோட வாங்க."

யாரும் நகரவில்லை. "இருங்கம்மா, நாங்க இன்னும் பார்க்கலை" என்று வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

இயக்குநர் மைக்கை மென்மையாக வாங்கிக்கொண்டார்.

"கலைஞருக்கு உணர்ச்சி மிகுதி. தன்னோட படைப்பு நிஜம்னே அவங்க நம்பறாங்க. இதைவிட ஒரு கலைக்கு என்ன வெற்றி வேணும்?" கைதட்டல். "ஆனா எந்தச் சந்தேகமும் வேண்டாம். மாண்புமிகு அமைச்சர் முன்னிலையில ஒரு வரலாற்று அறிவிப்பைச் செய்யறேன். நாற்றமில்லாத, நோயில்லாத, மரணமில்லாத முதல் மிருகக்காட்சி சாலை நம்முடையதுதான். இந்த நிமிஷம் முதல் இந்த வளாகத்தில் உயிருள்ள மிருகம் ஒன்றுகூட இல்லை! இருக்குன்னு யாராவது சொன்னா, அது எங்களோடது இல்லை!"

கூட்டம் எழுந்து நின்று தட்டியது. ஓவியக்காரியின் பையில் போன் அதிர்ந்தது. டாக்டரம்மா.

"நீ சொன்னபடி வாசல்லதான் வேனோட நிக்கறேன். ஒலிபெருக்கியில கேட்டுச்சு. இன்னொரு தடவை சொல்லச் சொல்லு, முழுசா பதிவாகலை."

"அவர் சொல்லிக்கிட்டேதான் இருக்கார். பதிவு பண்ணுங்க. பண்ணிட்டு உள்ள வாங்க."

கொட்டகையில் புதுப் பூட்டு தொங்கியது. ஓவியக்காரி கையிலிருந்த கேடயத்தால் ஓங்கி அடித்தாள். கேடயம்தான் உடைந்தது. பிளாஸ்டிக். கல்லைத் தேடிக் குனிந்தவள் சாவிக்கொத்தின் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். கூண்டுக்காரர் நின்றிருந்தார். சட்டைப் பித்தான் எல்லாம் திறந்து கிடந்தது.

"தள்ளுங்கம்மா" என்றார். "ஒண்ணுமே இல்லாத கொட்டகையைத் திறக்க எனக்கு யார் உத்தரவும் வேணாம்."

டாக்டரம்மா மூளியின் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தாள். ஊசி போட்டாள். "பிழைக்குமா?" என்று தம்பி கேட்டான். "கேக்காதே, தூக்கு" என்றாள். வேனில் இடம் குறைவு. முதலில் மூளி மட்டும்.

வாசலில் காவலர் தடுத்தார். விறைப்பான மனிதர். விழா நாளென்பதால் உள்ளே வருவதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. வெளியே போவதற்குத்தான் அவர் பொறுப்பு.

"வண்டியில என்ன?"

"கழுதைப்புலி" என்றாள் ஓவியக்காரி.

காவலர் யோசித்தார். "கழுதைப்புலி வெளிய போறதுன்னா இயக்குநர் கையெழுத்து வேணும்."

"கழுதைப்புலி உள்ள கூண்டுல இருக்கு. அமைச்சரே பார்த்தாரு. வேணா நீங்களும் போனை நீட்டிப் பாருங்க."

"அப்ப இது?"

"உயிருள்ள மிருகம் ஒண்ணுகூட இல்லைன்னு இயக்குநர் இப்பத்தானே மைக்ல சொன்னார்? காதுல விழலையா?"

விழுந்திருந்தது. ஊருக்கே விழுந்திருந்தது. காவலர் வேனுக்குள் எட்டிப் பார்த்தார். மூளி மயக்கத்தில் முனகியது. அவர் கொஞ்ச நேரம் அந்த அறுந்த காதையே பார்த்தார். பிறகு கம்பியைத் தூக்கினார்.

"போங்க. காலி வண்டியை நிறுத்தி வெச்சு நான் என்ன பண்றது?"

டாக்டரம்மாவையும் மூளியையும் இல்லத்தில் விட்டுவிட்டு, நின்ற இடத்தில் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு, அக்காவும் தம்பியும் வேனை உடனே திருப்பினார்கள். இந்த முறை ஓநாய்களும் முள்ளம்பன்றிகளும். கூண்டுக்காரர் ஒவ்வொரு பெட்டியையும் தூக்கி ஏற்றும்போது முணுமுணுத்தார். "இதுவும் ஒண்ணுமில்லை. இதுவும் ஒண்ணுமில்லை. யம்மாடி, ஒண்ணுமில்லாததுக்கு என்ன கனம்!"

வாசலுக்கு வந்தபோது விழா முடிந்திருந்தது. அமைச்சரின் காரும், வழியனுப்ப வந்த இயக்குநரின் காரும் குறுக்கே நின்றன. வேன் நிற்க வேண்டியதாயிற்று. நின்றதும் உள்ளேயிருந்த ஓநாய் ஒன்று ஊளையிட்டது. நீளமாக, தகரம் அதிர. இன்னொன்று பதில் கொடுத்தது.

அமைச்சர் காரில் ஏறப் போனவர் திரும்பினார். "அது என்ன சத்தம்?"

இயக்குநர் வேனைப் பார்த்தார். முன் இருக்கையில் ஓவியக்காரி. அவருக்குப் புரிந்துவிட்டது. அவருடைய கை தானாக எழுந்தது, நிறுத்துங்கள் என்று சொல்கிற மாதிரி. பாதியில் நின்றது.

ஓவியக்காரி இறங்கினாள். உடம்பெல்லாம் வைக்கோலும் அழுக்கும். நேரே அவர் முன்னால் போய் நின்றாள்.

"சொல்லுங்க சார். அமைச்சர் கேக்கறாரில்ல? உள்ள என்ன இருக்கு?"

காவலர் விறைப்பாக நின்றார். ஓநாய் மறுபடி குரல் கொடுத்தது. தம்பி எஞ்சினை அணைக்காமல் ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தான்.

"ஒரு தடவை சொல்லுங்க சார்" என்றாள் அவள். "உள்ள ஓநாய் இருக்குன்னு சொல்லுங்க. தண்ணி குடுக்காம அடைச்சு வெச்சேன்னு சொல்லுங்க. நீங்க அதைச் சொல்லிட்டீங்கன்னா பெட்டியெல்லாம் இங்கயே இறக்கிடறேன்."

அமைச்சர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லை சார்" என்றார் இயக்குநர். அவ்வளவு பெரிய மனிதரிடமிருந்து அவ்வளவு சின்னக் குரல் வரும் என்று யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். "உள்ள ஒண்ணுமில்லை."

"ஓநாய் மாதிரி இருந்துதே?"

"நம்ம தொழில்நுட்பம் சார். அவ்வளவு தத்ரூபம்."

அமைச்சர் வியந்து தலையாட்டினார். இயக்குநர் தன் டிரைவருக்குக் கை காட்டினார். அவருடைய கார் பின்னால் நகர்ந்து வழி விட்டது. ஓவியக்காரி அவர் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் நீரூற்றைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், தன் ஷூவைப் பார்த்தார். அவளை மட்டும் பார்க்கவில்லை.

அவள் ஏறிக் கதவை அறைந்து சாத்தினாள். தம்பி வண்டியை எடுத்தான். பின்னால் ஓநாய்கள், தெருவே திரும்பிப் பார்க்கும்படி, ஊளையிட்டுக்கொண்டே வந்தன.